அவைக்குறிப்பிலிருந்து நீக்கம்: அரசியல் பேச்சின் நாகரிகம் எங்கே இருக்கிறது?

"உறுப்பினர் கூறிய அந்தச் சொல் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது." கூட்டத்தொடர் நடக்கும் நாள்களில் செய்திகளில் தவறாமல் வரும் வரி இது. படிப்பவருக்குக் குழப்பம் வருவது நியாயம்தான். அந்தப் பேச்சைக் காலையிலேயே நேரலையில் பார்த்தாயிற்று. மதியத்துக்குள் அது துண்டு வீடியோவாகக் கைப்பேசிக்கு நாலு முறை வந்து சேர்ந்தும் விட்டது. அப்படியானால் நீக்கப்பட்டது எது?

இந்தச் சின்னக் குழப்பத்தின் நூலைப் பிடித்துக்கொண்டு போனால் பெரிய கேள்வி ஒன்றில் போய் நிற்போம். எதிரும் புதிருமானவர்கள் ஒருவரையொருவர் மதித்துப் பேச வைக்க என்ன வழி? சொற்களைத் தடுத்தால் போதும் என்பது பலருடைய எண்ணம். பல நாட்டு அவைகளின் அனுபவம் வேறு மாதிரி இருக்கிறது. குற்றம் சாட்ட நினைப்பவருக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் தன் முறை நிச்சயம் வரும் என்ற நம்பிக்கை உள்ள இடத்தில் பேச்சு தானாகவே கொஞ்சம் அடங்குகிறது. அந்த நம்பிக்கை போன இடத்தில் எத்தனை சொற்களை நீக்கினாலும் கூச்சல் நிற்பதில்லை.

## முதலில் நான்கு சொற்கள்

1. அவைக்குறிப்பு: அவையில் பேசப்படுவதையெல்லாம் எழுதி வைக்கும் அதிகாரப்பூர்வப் பதிவு. ஒரு சட்டம் எந்த நோக்கத்தோடு வந்தது என்று பின்னாளில் ஆராய்பவர்கள் தேடிப் போகும் ஆவணம் இதுதான்.

2. அவை மரபுக்கு ஒவ்வாத சொல்: வசை மட்டும் இதில் அடங்கும் என்று நினைத்துவிட வேண்டாம். நாம் அன்றாடம் பேசும் "பொய்" கூடப் பல நாட்டு அவைகளில் இந்த வகைதான். அதற்குத் தனியாக வருவோம்.

3. உரிமை மீறல்: அவைக்கோ உறுப்பினருக்கோ உள்ள சிறப்புரிமைக்கு ஊறு செய்வது. செய்தவர் வெளியாளாக இருந்தாலும், பத்திரிகையாக இருந்தாலும் அவையே விசாரித்துத் தண்டிக்கலாம்.

4. இடைநீக்கம்: உறுப்பினரைச் சில நாள்கள் அவைக்கு வெளியே நிறுத்தி வைப்பது. பதவி இருக்கும், அந்த நாள்களில் பேச்சும் வாக்கும் இருக்காது.

## நீதிமன்றம் எட்டாத இடம்

மேடையில் ஒருவரைத் "திருடன்" என்றால் அவதூறு வழக்கு வரும். அதையே நாடாளுமன்றத்துக்குள் சொன்னால் வராது. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 105ஆவது பிரிவு, நாடாளுமன்றத்தில் பேசிய பேச்சுக்கும் அளித்த வாக்குக்கும் எந்த உறுப்பினர் மீதும் எந்த நீதிமன்றத்திலும் நடவடிக்கை எடுக்க முடியாது என்கிறது. சட்டமன்றங்களுக்கு 194ஆவது பிரிவு அதையே சொல்கிறது. இதன் வேர் இங்கிலாந்தின் 1689ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. மன்னருக்குப் பிடிக்காததைப் பேசிய உறுப்பினர்கள் சிறைக்குப் போன காலத்தின் பாடம் அது.

காரணம் எளிது. அதிகாரத்தில் இருப்பவர் மீது கேள்வி எழுப்பும் ஒவ்வொரு முறையும் வழக்குக்குப் பயப்பட வேண்டுமென்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் இவ்வளவு பெரிய பாதுகாப்பைக் கொடுத்தால் அதைத் தவறாகப் பயன்படுத்துபவரை யார் தடுப்பது? அவை தன்னைத்தானே தடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் நடத்தை விதிகள், அதற்குத்தான் சபாநாயகர். ஒரேயொரு தடையை மட்டும் அரசமைப்பே நேரடியாக எழுதி வைத்திருக்கிறது: நீதிபதிகள் தம் கடமையில் நடந்துகொண்ட விதத்தைப் பதவி நீக்கத் தீர்மானம் இல்லாமல் அவையில் விவாதிக்க முடியாது.

## அச்சில் மூன்று நட்சத்திரங்கள்

மக்களவையின் 380ஆவது விதி, அவதூறான, ஆபாசமான, அவை மரபுக்கு ஒவ்வாத, கண்ணியக் குறைவான சொற்களை நீக்க ஆணையிடும் அதிகாரத்தைச் சபாநாயகருக்குத் தருகிறது. நீக்கினால் பதிவு எப்படி இருக்க வேண்டும் என்பதை 381ஆவது விதி சொல்கிறது. அச்சான பக்கத்தைத் திறந்தால் வாக்கியம் ஓடிக்கொண்டே வந்து சட்டென்று சில நட்சத்திரக் குறிகளில் நின்றுவிடும். கீழே அடிக்குறிப்பில் "தலைமையின் ஆணைப்படி நீக்கப்பட்டது" என்று இருக்கும். அதற்கடுத்த வரியில் மற்றோர் உறுப்பினர் கொதித்துப் போய் எதிர்த்திருப்பார். எதை எதிர்க்கிறார் என்று மட்டும் தெரியாது.

நீக்கத்துக்குப் பல் இருந்த காலம் ஒன்று உண்டு. 1957 மே மாதம் பிகார் சட்டப்பேரவையில் உறுப்பினர் ஒருவர் அரசைக் கடுமையாகத் தாக்கிப் பேசினார். சில பகுதிகளை நீக்கச் சபாநாயகர் ஆணையிட்டார். பாட்னாவின் 'சர்ச்லைட்' நாளிதழ் மறுநாள் நீக்கிய பகுதியையும் சேர்த்தே அச்சிட்டது. உரிமை மீறல் நோட்டீஸ் வந்தது. ஆசிரியர் உச்ச நீதிமன்றம் போனார். 1958 டிசம்பரில் வந்த தீர்ப்பு அவையின் பக்கம் நின்றது. நீக்கப்பட்ட பகுதி, சட்டத்தின் கண்ணில் பேசப்படாத பேச்சு. அதை வெளியிடும் உரிமை பத்திரிகைக்கு இல்லை. அந்தச் சட்ட நிலை இன்றும் மாறவில்லை.

மாறியது தொழில்நுட்பம். அன்று பேச்சுக்கும் அச்சுக்கும் இடையில் ஓர் இரவு இருந்தது. சபாநாயகரின் ஆணை அந்த இரவுக்குள் வந்து சேர்ந்துவிடும். நேரலையில் அந்த இடைவெளியே கிடையாது. சொல் வாயிலிருந்து வெளிப்பட்ட நொடியில் ஊருக்குப் போய்விடுகிறது. அதனால் முதல் கேள்விக்கு விடை இப்படித்தான் வரும்: நாளைய வரலாற்று ஆசிரியரிடமிருந்து அந்தச் சொல் நீக்கப்பட்டது, இன்றைய பார்வையாளரிடமிருந்து நீங்கவில்லை. யோசித்தால் இது விசித்திரமான ஏற்பாடுதான். திட்டு வாங்கியவர் ஊரறியத் திட்டு வாங்குகிறார். திட்டியவரின் பதிவேடு மட்டும் துடைத்து வைக்கப்படுகிறது.

## பட்டியல் ஏன் தோற்கிறது

2022 ஜூலையில், மழைக்காலக் கூட்டத்தொடர் தொடங்குவதற்குச் சில நாள் முன், மக்களவைச் செயலகம் வெளியிட்ட, அவை மரபுக்கு ஒவ்வாத சொற்களின் தொகுப்பு பெரிய சர்ச்சையானது. ஊழல், நாடகம், பாசாங்கு, திறமையற்றவர் என்ற பொருளில் அன்றாடம் புழங்கும் சொற்கள் எல்லாம் அதில் இருந்தன. "இவற்றை விட்டுவிட்டு எதிர்க்கட்சி எதைப் பேசுவது?" என்று கேட்டார்கள். எந்தச் சொல்லும் தடை செய்யப்படவில்லை என்று சபாநாயகர் ஓம் பிர்லா விளக்கினார். இதற்கு முன் பல்வேறு அவைகளில் நீக்கப்பட்ட சொற்களின் தொகுப்பு மட்டுமே அது. இடம் பொருள் பார்த்துத்தான் முடிவு செய்யப்படும் என்றார். விளக்கம் சரியானதே. ஆனால் இடம் பொருள் பார்த்துத்தான் முடிவென்றால் பட்டியல் எதற்கு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

பட்டியல் எப்படிச் சிக்கலாகும் என்பதற்கு இன்னொரு சம்பவம். காந்தியைக் கொன்றவனின் பெயரான "கோட்சே" நீண்ட காலமாக ஒவ்வாத சொல்லாக இருந்து வந்தது. பிறகு மகாராஷ்டிரத்திலிருந்து, அதையே குடும்பப் பெயராகக் கொண்ட ஒருவர் மக்களவைக்குத் தேர்வானார். தன் பெயரே ஒவ்வாத சொல்லாக இருப்பதாக அவர் முறையிட, 2015இல் சபாநாயகர் சுமித்ரா மகாஜன் அந்தக் குடும்பப் பெயரைத் தடையிலிருந்து விடுவித்தார்.

திறமையுள்ள பேச்சாளருக்குப் பட்டியல் ஒரு தடையே இல்லை என்பதும் உண்டு. 1906இல் பிரிட்டன் அவையில் வின்ஸ்டன் சர்ச்சில், "பொய்" என்ற சொல்லைத் தொடாமல் "சொல்லாட்சித் துல்லியமின்மை" என்ற பொருளில் ஒரு தொடரைப் பயன்படுத்தினார். நூற்றாண்டு தாண்டியும் அந்தத் தொடர் பொய்க்கு மறுபெயராக ஆங்கிலத்தில் உலவுகிறது. நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் 1949இல் ஓர் உறுப்பினரின் மூளையைப் பற்றி, அது வேர்க்கடலை ஓட்டுக்குள் ஆயிரம் ஆண்டு சுழன்றாலும் ஓரத்தில் இடிக்காது என்று ஒருவர் சொல்லித் திரும்பப் பெற வேண்டி வந்தது. அதில் ஒரு சொல்லாவது கெட்ட சொல்லா என்று பாருங்கள்.

அவமதிப்பு இருப்பது வாக்கியத்தின் குறியில். எதிராளியின் செயலைக் குறிவைக்கிறதா, ஆளைக் குறிவைக்கிறதா என்பதில். பட்டியலால் அதைப் பிடிக்க முடியாது.

## "பொய்யர்" என்று சொல்லலாமா?

இந்த விவகாரத்தின் கடினமான முடிச்சு இது. ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

2021 ஜூலை 22 அன்று பிரிட்டன் மக்களவையில் எதிர்க்கட்சி உறுப்பினர் டான் பட்லர், பிரதமர் போரிஸ் ஜான்சன் அவைக்கும் நாட்டுக்கும் திரும்பத் திரும்பப் பொய் சொன்னார் என்றார். தலைமை இருக்கையில் இருந்தவர், சொல்லைத் திரும்பப் பெறும்படி கேட்டார். பட்லர் மறுத்தார். பொய் சொன்னவருக்கு ஒன்றுமில்லை, பொய் என்று சொன்னவருக்குத் தண்டனையா என்பது அவருடைய வாதம். அன்று முழுவதும் அவையை விட்டு வெளியேறும்படி அவருக்கு ஆணையிடப்பட்டது.

மேலோட்டமாகப் பார்த்தால் அபத்தமாகத் தெரியும். ஆனால் அந்த விதிக்குள் ஒரு நியாயம் இருக்கிறது. ஒருவர் சொன்னது தவறு என்பது தகவல் பற்றிய வாதம். ஆதாரம் காட்டித் தீர்க்கலாம். தெரிந்தே தவறாகச் சொன்னார் என்பது உள்நோக்கம் பற்றிய குற்றச்சாட்டு. அதைப் போகிற போக்கில் வீசினால் எதிராளிக்குப் பதில் சொல்ல வழியில்லை. "நீதான் பொய்யன்" என்று திருப்பி வீசுவதுதான் மிச்சம். எனவே பிரிட்டன் மரபு சொல்கிறது: குற்றம் சாட்ட வேண்டுமா, அதற்கென்றே தனித் தீர்மானம் கொண்டுவா. அப்போது எவ்வளவு கடுமையாகவும் பேசலாம்.

அந்த வழி வெறும் காகிதத்தில் இருக்கும் வழியா? அதே ஜான்சன் விஷயத்தில், வேறொரு குற்றச்சாட்டில், அது நடந்து காட்டியது.

1. பெருந்தொற்று ஊரடங்கின்போது பிரதமர் இல்லத்தில் நடந்த கூடுகைகள் பற்றி அவர் அவைக்குச் சொன்னது உண்மையா என்று விசாரிக்க 2022 ஏப்ரலில் அவை தீர்மானம் நிறைவேற்றியது.

2. விசாரித்த உரிமைக் குழுவில் ஏழு பேர். அவர்களில் பெரும்பான்மையினர் ஜான்சனின் சொந்தக் கட்சிக்காரர்கள்.

3. 2023 மார்ச் 22 அன்று ஜான்சன் குழுவின் முன் சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்டு மூன்று மணி நேரத்துக்கும் மேலாகத் தன் தரப்பைச் சொன்னார்.

4. அதே ஆண்டு ஜூன் 15 அன்று, அவர் தெரிந்தே அவையைத் தவறாக வழிநடத்தினார் என்று குழு அறிவித்தது. அதற்குச் சில நாள் முன்பே அவர் உறுப்பினர் பதவியிலிருந்து விலகிவிட்டார்.

5. ஜூன் 19 அன்று 354க்கு 7 என்ற கணக்கில் அவை அந்த அறிக்கையை ஏற்றது.

ஒற்றைச் சொல்லாகச் சொல்ல முடியாத குற்றச்சாட்டு, ஆதாரம், பதில், தீர்ப்பு, வாக்கு என்ற வரிசையில் வந்தபோது ஒரு முன்னாள் பிரதமரின் பெயருக்கே முத்திரையாக விழுந்தது. சொல்லுக்குப் போட்ட தடையைப் பொறுத்துக்கொள்ள முடிவது இந்த வழி திறந்திருப்பதால்தான். வழியை அடைத்துவிட்டுச் சொல்லையும் தடுத்தால் பட்லரின் கோபமே நியாயமாகிவிடும்.

இந்திய விதிகளிலும் இதே தர்க்கம் இருக்கிறது. மக்களவையின் 353ஆவது விதிப்படி ஒருவர் மீது அவதூறான குற்றச்சாட்டு வைக்க விரும்பும் உறுப்பினர் சபாநாயகருக்கும் தொடர்புடைய அமைச்சருக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். எதற்காக? அமைச்சர் விசாரித்துப் பதில் சொல்வதற்காக என்று விதியே காரணம் சொல்கிறது. குற்றம் சாட்டுவதைத் தடுப்பது அதன் நோக்கமாகத் தெரியவில்லை. பதிலோடு சேர்த்து வரச் செய்வதுதான் நோக்கம். அதே போல, அமைச்சர் சொன்ன தகவல் தவறென்றால் எழுத்து மூலம் சுட்டிக்காட்டச் சபாநாயகரின் 115ஆவது வழிகாட்டல் இடம் தருகிறது. தன்மீது வந்த சொல்லுக்குத் தன்னிலை விளக்கம் தர 357ஆவது விதி இருக்கிறது. இவை எத்தனை முறை உண்மையில் பயன்படுகின்றன என்பது வேறு கதை.

## ஒழுங்கின் பெயரால் வாய்ப்பூட்டு

நாகரிகம் என்ற சொல்லைக் கேட்டதும் எச்சரிக்கையாக வேண்டிய இடமும் உண்டு. அமெரிக்காவின் அனுபவம் அது.

1830களில் அடிமை முறையை ஒழிக்கக் கோரும் மனுக்கள் அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையில் குவிந்தன. தென் மாநில உறுப்பினர்களுக்கு அந்தப் பேச்சே அவமதிப்பு. அமைதி கெடுகிறது, ஒன்றியம் உடைந்துவிடும் என்றார்கள். 1836 மே மாதம் அவை ஒரு முடிவெடுத்தது: அடிமை முறை பற்றிய எந்த மனுவும் அச்சிடப்படாது, குழுவுக்கு அனுப்பப்படாது, விவாதிக்கப்படாது, வந்ததும் ஓரமாக வைக்கப்படும். வரலாற்றில் இதற்கு வாய்ப்பூட்டு விதி என்றே பெயர்.

முன்னாள் குடியரசுத் தலைவரான ஜான் குவின்சி ஆடம்ஸ் அப்போது அந்த அவையில் சாதாரண உறுப்பினர். வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. 1837 பிப்ரவரியில் ஒரு நாள் எழுந்து, அடிமைகளிடமிருந்தே வந்ததாகச் சொல்லப்படும் ஒரு மனு தன்னிடம் இருக்கிறது, அதைத் தாக்கல் செய்வது இந்த விதிக்குள் வருமா என்று சபாநாயகரிடம் பணிவாகக் கேட்டார். கேள்வி மட்டும்தான். அவை கொந்தளித்தது, அவரைக் கண்டிக்கத் தீர்மானங்கள் வந்து தோற்றன. ஆண்டுக்காண்டு விடாமல் போராடி 1844 டிசம்பரில் அந்த விதியை அவர் நீக்க வைத்தார்.

எட்டாண்டுகள் பூட்டி வைத்த பேச்சு ஆறிவிடவில்லை. 1856 மே மாதம் செனட்டர் சார்லஸ் சம்னர் அடிமை முறைக்கு எதிராக இரண்டு நாள் பேசினார். அந்தப் பேச்சில், அன்று அவையில் இல்லாத செனட்டர் ஆண்ட்ரூ பட்லரை ஆளாகவே இழிவுபடுத்தினார். இரண்டு நாள் கழித்து, பட்லரின் உறவினரும் பிரதிநிதிகள் அவை உறுப்பினருமான பிரெஸ்டன் புரூக்ஸ் செனட் அவைக்குள் வந்து, மேசையில் எழுதிக்கொண்டிருந்த சம்னரைக் கைத்தடியால் நினைவிழக்கும் வரை அடித்தார். சம்னர் முழுமையாகத் தன் பணிக்குத் திரும்ப மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. புரூக்ஸை அவையிலிருந்து நீக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்கவில்லை. அவராகவே ராஜினாமா செய்து, மறுபடி தேர்தலில் நின்று, வென்று வந்தார்.

சம்னரின் தனிநபர்த் தாக்குதலை நியாயப்படுத்தத் தேவையில்லை. ஆனால் அந்த வன்முறையை நாக்கின் குற்றமாக மட்டும் பார்ப்பவர், லட்சக்கணக்கான மனிதர்கள் விற்கப்பட்டுக்கொண்டிருந்ததைப் பற்றிப் பேசுவதே அநாகரிகம் என்று எட்டாண்டு காலம் ஓர் அவை விதி வைத்திருந்ததை மறந்துவிடுகிறார். "மரியாதையாகப் பேசு" என்பதை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. செவி கைக்கும் சொல்லைப் பொறுக்க வேண்டிய கடமை ஆளுபவருக்குத்தான் அதிகம்.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1986இல் இதையே சட்டமாகச் சொன்னது. ஆஸ்திரியப் பிரதமராக இருந்த புரூனோ கிரைஸ்கியின் நடத்தையைக் கடுஞ்சொல்லால் விமர்சித்த பத்திரிகையாளர் லிங்கென்ஸுக்கு உள்நாட்டில் அபராதம் விழுந்திருந்தது. சாதாரண குடிமகனைவிட அரசியல்வாதி கூடுதலாக விமர்சனத்தைத் தாங்க வேண்டும் என்று கூறி அந்தத் தண்டனை தவறென்றது நீதிமன்றம்.

## எது வேலை செய்கிறது

சொல்லைத் தொடாமல் பேச்சின் அமைப்பை மாற்றும் ஏற்பாடுகள்தான் பலன் தந்திருக்கின்றன.

1. நடுவில் ஓர் ஆள். "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே" என்று தொடங்குவதை வெறும் சடங்கு என்று சிரிப்பவர்கள் உண்டு. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் நேராக விளிக்காமல் தலைவரிடம் பேச வேண்டும் என்பது அதன் பொருள். "நீ" என்று பாய வேண்டிய கோபம் "அந்த உறுப்பினர்" என்று படர்க்கையில் சுற்றி வரும்போது கொஞ்சம் ஆறிவிடுகிறது. பிரிட்டன் அவையில் ஒருவர் "நீங்கள்" என்றால் இலக்கணப்படி அது சபாநாயகரையே குறிக்கும்.

2. குறுக்கிட முடியாத நிமிடங்கள். 2020 செப்டம்பர் 29 அன்று டிரம்பும் பைடனும் நடத்திய முதல் விவாதத்தில் ஒருவர் பேச்சு மற்றவர் குறுக்கீட்டில் மூழ்கிப்போயிற்று. அக்டோபர் 22 அன்று அதே இருவர், அதே பகை. ஒவ்வொரு தலைப்பின் தொடக்கத்திலும் ஒருவர் பேசும் இரண்டு நிமிடத்துக்கு மற்றவரின் மைக் அணைக்கப்பட்டது. பார்வையாளர்களுக்கு இரு தரப்பு வாதமும் காதில் விழுந்தது. பண்பு மாறவில்லை, பொத்தான் மாறியது.

3. சிறிய மேசை, போதிய நேரம். கருக்கலைப்பு அயர்லாந்தைப் பல பத்தாண்டுகள் கசப்பாகப் பிளந்து வைத்திருந்த கேள்வி. 2016இல் குலுக்கல் முறையில் 99 குடிமக்களைத் தேர்ந்து, ஒரு நீதிபதியைத் தலைவராக்கி, மக்கள் பேரவை ஒன்றை அமைத்தார்கள். வட்ட மேசைகளில் உட்கார்ந்து, ஒவ்வொரு மேசைக்கும் ஒரு வழிநடத்துநரோடு, பல வார இறுதிகளில் நிபுணர்களையும் இரு தரப்பையும் கேட்டார்கள். அவர்கள் பரிந்துரையின் தொடர்ச்சியாக 2018 மே மாதம் நடந்த பொதுவாக்கெடுப்பில் 66.4 சதவீதத்தினர் மாற்றத்துக்கு வாக்களித்தனர். எல்லாரையும் அது சமாதானப்படுத்திவிடவில்லை. ஆனால் கேள்வியைப் பேசக்கூடியதாக்கியது.

## நடுவர் மீது நம்பிக்கை

மேலே சொன்ன எல்லாம் ஒரே அச்சில் சுழல்கின்றன: தலைமை இருக்கையில் இருப்பவர் இரு பக்கத்துக்கும் ஒரே அளவுகோல் வைத்திருக்கிறாரா?

2023 செப்டம்பர் 21 அன்று மக்களவையில் சந்திரயான் விவாதத்தின்போது பாஜக உறுப்பினர் ரமேஷ் பிதூரி, பகுஜன் சமாஜ் உறுப்பினர் டேனிஷ் அலியை மத அடிப்படையிலான வசைகளால் ஏசினார். சொற்கள் நீக்கப்பட்டன, சபாநாயகர் எச்சரித்தார். இடைநீக்கம் இல்லை. மூன்று மாதம் கழித்து, டிசம்பர் 13 அன்று பார்வையாளர் மாடத்திலிருந்து இருவர் அவைக்குள் குதித்துப் புகைக் குப்பி வீசினர். உள்துறை அமைச்சர் விளக்கம் தர வேண்டும் என்று பதாகை பிடித்துக் கூச்சலிட்ட எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இரு அவைகளிலுமாக 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். எதிர் வரிசைகள் பெருமளவு காலியாக இருந்த அந்த வாரத்தில்தான் புதிய குற்றவியல் சட்டங்கள் நிறைவேறின. அவதூறைக் குற்றமாக்கும் 356ஆவது பிரிவைக் கொண்ட பாரதிய நியாய சன்ஹிதாவும் அவற்றில் ஒன்று.

பதாகை பிடிப்பதும் விதிமீறல்தான், மறுக்க முடியாது. கூச்சல், மற்றவரின் முறையைப் பறிக்கிறது. இதில் எந்தக் கட்சியும் கை சுத்தம் என்று சொல்லிக்கொள்ள முடியாது: 1989 மார்ச்சில் காங்கிரஸ் ஆட்சியில் ஒரே நாளில் 63 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டனர், 2010 குளிர்காலக் கூட்டத்தொடரை அலைக்கற்றை விவகாரத்தில் அன்றைய எதிர்க்கட்சியான பாஜகவும் மற்றவர்களும் ஏறக்குறைய முழுமையாக முடக்கினர். ஆனால் ஓர் உறுப்பினரை மதத்தைச் சொல்லி ஏசுவதற்கு எச்சரிக்கை, விளக்கம் கேட்பதற்கு இடைநீக்கம் என்ற வரிசையைப் பார்ப்பவர், விதி எதைக் காக்கிறது என்று கேட்கத்தான் செய்வார்.

ஹங்கேரியில் 2013இல் பதாகையும் ஒலிபெருக்கியும் கொண்டுவந்த எதிர்க்கட்சி உறுப்பினர்களுக்கு அபராதம் போட்டார்கள். 2016இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கவனமாக ஒரு கோடு கிழித்தது. அவை ஒழுங்கைக் காக்கத் தண்டிக்கலாம். ஆனால் தண்டிக்கப்படுபவர் தன் தரப்பைச் சொல்ல ஒரு நடைமுறை இருக்க வேண்டும். அது இல்லாததால் பேச்சுரிமை மீறப்பட்டது என்றது.

## அவைக்கு வெளியே

மேடைப் பேச்சுக்கு வேறு வேலிகள். இந்தியாவில் தேர்தல் நடத்தை விதிகள், பிற கட்சிகள் மீதான விமர்சனம் கொள்கை, திட்டம், கடந்தகாலச் செயல்பாடு ஆகியவற்றோடு நிற்க வேண்டும், பொதுவாழ்வோடு தொடர்பில்லாத தனிவாழ்க்கையைத் தொடக் கூடாது என்கின்றன. இந்த விதிகளுக்குத் தனிச் சட்ட பலம் கிடையாது. சட்ட பலம் உள்ளது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(4) பிரிவு: வேட்பாளரின் தனிநடத்தை பற்றித் தெரிந்தே பொய்ச் செய்தி பரப்பினால் வெற்றியே செல்லாமல் போகலாம். ஆனால் அதற்குத் தேர்தல் முடிந்து மனுப் போட வேண்டும். அதற்குள் பேச்சு தன் வேலையை முடித்திருக்கும்.

இந்தப் பேச்சுகளின் சுமை எல்லார் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை. நாடாளுமன்றங்களின் பன்னாட்டு ஒன்றியம் 2016இல் 39 நாடுகளைச் சேர்ந்த 55 பெண் உறுப்பினர்களிடம் பேசியது. 81.8 சதவீதத்தினர் உளவியல் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். கொலை, பாலியல் வன்முறை, அடி, கடத்தல் போன்ற மிரட்டல்கள் வந்ததாக 44.4 சதவீதத்தினர் சொன்னார்கள். கொள்கையைக் கடுமையாகச் சாடுவதற்கும் இதற்கும் உள்ள தூரத்தை அளக்க எந்தச் சொற்தொகுப்பும் தேவையில்லை.

## நாற்காலியில் இருப்பவர்

பிரிட்டனில் சபாநாயகராகத் தேர்வானவர் தன் கட்சியை விட்டு விலகிவிடுவார். இந்தியாவில் அப்படிக் கட்டாயம் இல்லை. கட்சித் தாவல் தடைக்கான பத்தாவது அட்டவணை, சபாநாயகர் தன் கட்சியிலிருந்து விலகினால் பதவி போகாது என்று விலக்கு மட்டும் தருகிறது. அந்த அட்டவணை வருவதற்கு முன்பே, 1967இல் சபாநாயகரானதும் நீலம் சஞ்சீவ ரெட்டி காங்கிரஸிலிருந்து விலகினார். அது வழக்கமாக வேரூன்றவில்லை.

துணை சபாநாயகர் பதவியை ஆளுங்கட்சிக்கு வெளியே கொடுக்கும் மரபு ஒன்று பல மக்களவைகளில் பின்பற்றப்பட்டது. 2014 முதல் 2019 வரை அதிமுகவின் தம்பிதுரை அந்த இருக்கையில் இருந்தார். துணை சபாநாயகரை இயன்ற விரைவில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது அரசமைப்பின் 93ஆவது பிரிவு. 2019இல் அமைந்த 17ஆவது மக்களவை ஒருவரைக்கூடத் தேர்ந்தெடுக்காமலேயே தன் ஐந்தாண்டுகளையும் முடித்துக்கொண்டது.